பள்ளத்தில் ஒரு முதலை

மைசூர் அரண்மனையில் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணி வாக்கில் விளக்குப் போடுகிறார்கள். அரசு விடுமுறை நாட்களிலும் உண்டு. தசரா என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது, ஊட்டியைப் பார்த்துவிட்டு வந்த கோயம்புத்தூர்க் குடும்பம் வாய் பிளந்து நிற்கிறது. அதே நொடியில் கே.ஆர். சர்க்கிள் வழியாக வீடு திரும்பும் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு ரசனை இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட ஒன்றை மூளை அவருக்கு அறிவிப்பதில்லை, அவ்வளவுதான். இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் பல் தேய்ப்பதற்கே அரை நாள் போய்விடும். ஆனால் அரண்மனையை மறைக்கிற அதே சிக்கனம் வேறு சிலவற்றையும் மறைத்துவிடுகிறது. சாப்பிட்டு முடித்த பிறகும் மிக்சர் டப்பாவுக்குள் போய்வரும் கை, படுக்கையில் இரவு ஒரு மணிக்கும் ஒளிரும் போன், தினமும் ஒரே வசனத்தில் தொடங்கி ஒரே வசனத்தில் முடியும் கணவன் மனைவி சண்டை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கெட்ட பழக்கம் நீடிப்பதற்கு மனவலிமை இல்லாததே காரணம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதி நேரம், அது நடப்பதே நம் கண்ணில் படாததுதான் காரணம்.

இதற்கு உடல் சார்ந்த அடிப்படை உண்டு. 1990-களில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தால் அந்தச் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்ட பிறகு, சாறு வரும்போது அவை கண்டுகொள்ளவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால் அவற்றின் துடிப்பு குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடக்கும்வரை பழையதைத் திருத்திக்கொள்ள மூளைக்கு முகாந்திரமே இல்லை. ஆகவே ஒரு பழக்கத்தை அசைக்க விரும்புகிறவர் முதலில் உண்டாக்க வேண்டியது ஒரு பிசகை.

பிசகு எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும் என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் சினிமா பார்க்க வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குப் புதியது, சிலருக்கு ஒரு வாரம் பழையது. தியேட்டரில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள் அந்த நமுத்துப்போனதையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள், கை மட்டும் நிற்கவில்லை. ஆனால் பழகாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோது பழையதைத் தின்பது குறைந்துவிட்டது. அறிவுரை, கலோரிக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. கையை மாற்றியதே போதுமானதாக இருந்தது. இடது கையால் தின்னச் சொல்லும் இந்த வைத்தியத்தை நம் வீட்டில் பாட்டி முன்னால் செய்து பார்க்க முடியாது என்பது வேறு விஷயம். மிக்சர் டப்பாவுக்குள் கைக்குப் பதிலாக ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைப் போட்டு வைத்தாலும் அதே வேலை நடக்கும், பாட்டியும் சிரிப்பார்.

தனி மனிதரின் கையை நிறுத்துவது இப்படிச் சுலபம் என்றால், ஓர் ஊரே சேர்ந்து பார்க்காமல் பழகிவிட்ட ஒன்றை எப்படிப் பார்க்க வைப்பது? இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல பாடம் மைசூர்க்காரர் ஒருவரிடமிருந்து வருகிறது. பாதல் நஞ்சுண்டசாமி மைசூரில் வளர்ந்தவர்; அங்குள்ள சாமராஜேந்திர காட்சிக்கலை அகாதெமியில் ஓவியம் படித்தவர். 2015 ஜூன் மாதம் பெங்களூரு சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு பெரிய சாலைப் பள்ளத்தில், ஏறத்தாழ 6,000 ரூபாய் கைக்காசில் தான் செய்த நிஜ அளவு முதலைப் பொம்மை ஒன்றைக் கொண்டுபோய் இறக்கினார். சுற்றிலும் பச்சைச் சாயம். நடுவில் வாயைத் திறந்தபடி முதலை. அதுவரை வண்டியை ஒடித்து ஓட்டிப் பழகிய மக்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள். பத்திரிகைகள் எழுதின. மாநகராட்சி வந்து பள்ளத்தைச் சரிசெய்தது. நான்கு ஆண்டு கழித்து, 2019 செப்டம்பர் தொடக்கத்தில், சந்திரயான்-2 நிலவில் இறங்கப்போகிறது என்று நாடே காத்திருந்த வாரத்தில், அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். விண்வெளி உடை அணிந்த ஒருவர் மேடும் குழியுமான நிலப்பரப்பில் மிதப்பதுபோல மெல்ல நடக்கிறார். நிலாதான் என்று நம்பத் தொடங்கும் நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆட்டோ கடந்துபோகிறது. அது பெங்களூரு ஹேரோஹள்ளிப் பக்கத்துச் சாலை. உடைக்குள் இருந்த நடிகர் பூர்ணசந்திராவும் மைசூர்க்காரரே. பெயரோடு ஊரையும் சேர்த்துக்கொண்டவர். ஓரிரு நாளில் அந்தச் சாலைக்கும் ஜல்லி வந்து சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஓவியரின் திறமை மட்டும் இல்லை. அந்தப் பள்ளங்களைப் பற்றி மனுக்கள் போகாமலா இருந்திருக்கும்? மனு கொடுப்பதும் ஒரு பழக்கம், மனுவை வாங்கி ஃபைலில் வைப்பதும் ஒரு பழக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பல்லாண்டு வாழும். கோபமான கடிதத்துக்கு அலுவலகத்தில் பதில் தயாராக இருக்கிறது. முதலைக்குப் பதில் தயாராக இல்லை. எதிர்த் தரப்பின் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்ததே அங்கே வேலை செய்தது. வீட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. ‘எத்தனை தடவை சொல்றது’ என்று அம்மா தொடங்கியதுமே பையனின் காது மூடிக்கொள்கிறது, ஏனெனில் அடுத்த ஐந்து வாக்கியங்கள் அவனுக்கு மனப்பாடம்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உடனே எழும். ஒரு பள்ளம் மூடப்பட்டது சரி. பெங்களூருவின் சாலைகள் திருந்திவிட்டனவா? இல்லை. முதலை வந்த பிறகும் பள்ளங்கள் புதிது புதிதாய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இன்னும் கூர்மையாகக் கேட்பதானால் மைசூரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1921-இல் அந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண், மகாராஜா கல்லூரியில் படித்தவர், டாக்டர் எம். சிவராம் நடத்திய கன்னட நகைச்சுவை இதழான ‘கொரவஞ்சி’யில் வரைந்தவர். 1951 முதல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் அரை நூற்றாண்டுக்கு மேல் அரசியலைக் கேலி செய்யும் அவருடைய சிறு சித்திரம் வந்தது. அதில் கட்டம் போட்ட கோட்டோடு வாயே திறக்காமல் நிற்கும் சாமானியரைப் பார்த்து நாடு தினமும் சிரித்தது. அரசியல்வாதி ஒரு பழக்கத்தையாவது விட்டாரா?

லக்ஷ்மணின் மேதைமையை இந்தக் கேள்வியால் குறைக்க முடியாது. ஆனால் நம் வேலைக்கு வேண்டிய ஒரு வேறுபாடு இதில் தெளிவாகிறது. அந்தச் சித்திரம் காலைக் காபியோடு, தினமும் ஒரே மூலையில், தவறுக்கு வெகு தூரத்தில் வந்தது. சிரிப்பே ஒரு வழக்கமாகிவிட்டது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதும் அந்த வழக்கத்தில் சேர்ந்துகொண்டது. முதலையோ தவறு நடந்த இடத்திலேயே படுத்திருந்தது. சிரித்தவர் காலடியில் பள்ளம் இருந்தது. அடுத்து செய்ய வேண்டியது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக, ஒரு லோடு ஜல்லியாக இருந்தது. ஆகவே இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: வியப்பும் சிரிப்பும் தாமாக எந்தப் பழக்கத்தையும் உடைப்பதில்லை. அவை சில நொடிகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகின்றன. பழக்கம் நடக்கும் அதே இடத்தில் திறக்க வேண்டும், உள்ளே நுழையப் புதிய செயல் ஒன்று வாசலில் காத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஜோக்.

கதவு திறந்திருக்கும்போது எவ்வளவு பேர் நுழைவார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடப்பட்டதால் பயணிகள் வேறு வழி தேடிப் போனார்கள். வேலைநிறுத்தம் முடிந்தபின் பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை என்று கண்டார்கள். ஆண்டுக்கணக்கில் போய்வந்த பாதையைவிட வசதியான பாதை ஒன்று பக்கத்திலேயே இருந்தது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இருபதில் ஒருவர் என்பதை அற்பம் என்றும் சொல்லலாம், பெரிது என்றும் சொல்லலாம். நான் பெரிது என்பேன். யாரும் யாருக்கும் எதையும் போதிக்காமல் கிடைத்த விளைவு அது. மற்ற பத்தொன்பது பேர் திரும்பிப் போனதில் பலருக்குப் பழைய வழியே நல்ல வழியாகவும் இருந்திருக்கலாம். எல்லாப் பழக்கமும் உடைக்க வேண்டியவை இல்லையே.

புதுமை ஆறிப்போகும் என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை, ஆறத்தான் செய்யும். 2009-இல் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் நிலையத்தில் படிக்கட்டைப் பியானோ கட்டைகளாக மாற்றினார்கள். மிதித்தால் இசை எழும். மின்படிக்கட்டை விட்டு மக்கள் ஏறி இறங்கினார்கள். உலகமெங்கும் அந்த வீடியோ பரவியது. ஆனால் அது ஒரு கார் கம்பெனியின் விளம்பர ஏற்பாடு. சில நாள் கூத்தை வைத்து மக்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்வது விளம்பரக்காரரின் வேலை. மும்பை போலீசார் 2020 ஜனவரி இறுதியில் வெளியிட்ட யோசனை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. சிக்னலில் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால், சிவப்பு விளக்கின் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சிரிப்பு இரண்டாம் நாளே தேய்ந்துவிட்டாலும், ஹாரன் அடித்தால் காத்திருப்பு நீளும் என்ற விதி தேயாது. வீட்டிலும் இப்படித்தான் திட்டமிட வேண்டும். வேடிக்கைக்கு ஒரு வாரம் ஆயுள் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்குள் புதிய செயல் வேர் பிடிக்க வேண்டும், அல்லது வேடிக்கையை மாற்ற வேண்டும்.

ஆச்சரியம் மட்டும் போதாதா, சிரிப்பு எதற்கு என்று கேட்கலாம். அச்சமூட்டினாலும் ஆள் திடுக்கிடுவார் அல்லவா? திடுக்கிடுவார், கூடவே தற்காப்புக்கும் போய்விடுவார். சிகரெட் பெட்டியின் மேலுள்ள படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒன்றை உருவுகிறவரைப் பாருங்கள். பெங்களூருவில் 2018-இல் ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்த எமதர்மன் வேஷம் கட்டிய நடிகரைப் போலீசார் தெருவில் இறக்கினார்கள். 2020 மார்ச் ஊரடங்கின்போது சென்னையில் ஓர் இன்ஸ்பெக்டர் கொரோனா வைரஸ் வடிவ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டிகளை மறித்தார். இரண்டிலும் சொல்லப்பட்டது சாவு. சொன்ன விதம் தெருக்கூத்து. கேட்டவர் முறைத்துக்கொள்ளாமல் நின்று கேட்டது அதனால்தான். தமிழர்கள் நன்கறிந்த நரம்பியல் மருத்துவர் வி.எஸ். ராமச்சந்திரன், சிரிப்பு ஒரு ‘பொய் அபாயம்’ என்கிறார். ஏதோ ஆபத்து என்று விழித்துக்கொண்ட உடல், அது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கூட்டத்துக்கு அறிவிக்கிற ஒலியாம் அது. அந்த விளக்கத்தை ஏற்றால், சிரிக்கும் கணத்தில் மனிதர் விழித்தும் இருக்கிறார், பயமில்லாமலும் இருக்கிறார். திருத்திக்கொள்ள அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதையே சிகிச்சையாக்கினார். பிறர் முன்னால் வியர்த்துவிடுமோ என்று பயந்து பயந்தே வியர்த்த ஓர் இளம் மருத்துவரிடம், இனி வேண்டுமென்றே குடம் குடமாக வியர்த்துக் காட்டுவதாகத் தனக்குள் சவால் விடச் சொன்னார். நான்கு ஆண்டுத் தொல்லை ஒரு வாரத்தில் விலகியது என்று எழுதியிருக்கிறார். தூக்கம் வராதவர் இன்று விடிய விடிய விழித்தே தீருவேன் என்று சபதம் எடுப்பதும் இந்த வகைதான். தன் தொல்லையைப் பார்த்துத் தானே சிரிக்கும்போது அதற்கும் தனக்கும் நடுவே ஓரடி இடைவெளி கிடைத்துவிடுகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். இரவில் போனை விட முடியவில்லை என்றால், அதை அரிசி டப்பாவுக்குள் வைத்து, மூடிக்கு உட்புறம் ‘வந்துட்டீங்களா, வாங்க’ என்று உங்கள் கையாலேயே எழுதி ஒட்டுங்கள். முதல் இரவு சிரிப்பீர்கள். சிரித்த கையோடு எடுக்க ஒரு நாவல் டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும்; அது அலமாரியில் இருந்தால் போன்தான் ஜெயிக்கும். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி புரள்கிறவர், மணியோசைக்குப் பதில் தன் குரலிலேயே ரயில் நிலைய அறிவிப்பைப் பதிவுசெய்து வைக்கலாம்: பயணிகளின் கனிவான கவனத்திற்கு, எழுந்திருக்க வேண்டியவர் வழக்கம்போல் தாமதமாக எழுவார் என்று. கணவன் மனைவிச் சண்டைக்கு ஒரு விதி: குற்றச்சாட்டு எதுவானாலும் ஆகாசவாணி செய்தி வாசிப்பவர் தொனியில்தான் சொல்ல வேண்டும். (அந்தப் பெயர் 1935-இல் மைசூரில் எம்.வி. கோபாலஸ்வாமி தன் வீட்டில் தொடங்கிய வானொலிக்கு வைத்தது. அவர் தொழிலால் உளவியல் பேராசிரியர் என்பது நமக்குச் சாதகமான செய்தி.) ‘ஈரத் துண்டு இன்றும் கட்டிலின் மீதே கிடந்ததாக நம் செய்தியாளர் தெரிவிக்கிறார்’ என்று வாசித்து முடிப்பதற்குள் இருவரில் ஒருவர் சிரித்துவிடுவார். அதோடு விட்டால் நாளைக்கும் துண்டு அங்கேதான் கிடக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்த பிறகே செய்தியைத் தொடங்குங்கள். நகம் கடிப்பது போன்ற கைப்பழக்கங்களுக்கு 1973-இல் ஆஸ்ரினும் நன்னும் வகுத்த முறையிலும் இதே தர்க்கம் உண்டு: கை வாய்க்குப் போவதைக் கவனித்ததும், அதோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றை, உதாரணமாக விரல்களை இறுக மூடிக்கொள்வதைச் செய்வது. கவனிக்க வைக்கும் வேலையைத்தான் வேடிக்கை செய்கிறது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் தவறினால் எல்லாம் கெடும். கொலம்பியாவின் போகட்டா நகர மேயராக 1995-இல் வந்த அன்டானஸ் மோக்கஸ், ஊமைக்கூத்துக் கலைஞர்களைச் சாலைச் சந்திப்புகளில் நிறுத்தி, விதி மீறுகிறவர்களின் நடையை அப்படியே நடித்துக் காட்டச் செய்தார். அபராதத்தைவிட ஏளனத்துக்கு மக்கள் அஞ்சுவார்கள் என்பது அவர் கணிப்பு. அந்த ஆண்டுகளில் சாலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. பலி விழுந்த இடங்களில் தரையில் நட்சத்திரம் வரைந்தது உட்பட அவர் எடுத்த வேறு பல நடவடிக்கைகளுக்கும் அதில் பங்குண்டு. ஏளனம் பலித்ததே என்று இதைக் காட்டி வீட்டில் யாரும் தொடங்க வேண்டாம். தெருவில் கேலிக்கு ஆளானவர் பெயரற்றவர். அடுத்த முனையில் அது முடிந்துபோனது. வீட்டில் குழந்தைக்கு வைத்த பட்டப்பெயர் கல்யாணப் பந்தல் வரை வரும். சிலவற்றைக் கேலி தொடவே கூடாது: மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்குத் திக்குவாய்ச் சிகிச்சைக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். திக்குவது பழக்கமே அல்ல. அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பது வைத்தியமும் அல்ல, கொடுமை. முதலில் உங்களைப் பார்த்தே சிரியுங்கள். அடுத்தவர் பழக்கத்தைத் தொட வேண்டுமானால், அவரும் சேர்ந்து சிரிக்கும் ஜோக்காக மட்டும் இருக்கட்டும்.

கடைசி ஆட்சேபம்தான் பலமானது. அபாயம் இல்லை என்று அறிவிப்பதே சிரிப்பின் வேலை என்றால், அபாயமான பழக்கத்தையும் அது சாதுவாக்கிவிடாதா? ஆக்கிவிடும். நம் சினிமாவே சான்று. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தபடியே மதுவிலக்குக்காக வாதாடினார். பின்னால் வந்த எத்தனையோ படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் குடிகாரர் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். தியேட்டர் குலுங்குகிறது, கிளாஸ் கீழே வைக்கப்படுவதில்லை. உங்கள் வீட்டு வேடிக்கை எந்த ரகம் என்று அறிய, சிரிப்பு அடங்கியதும் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய இடத்துக்கே போனால் அந்த ஜோக்கை அன்றோடு கைவிடுங்கள். அது பழக்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. குடி, புகையிலை, போதை மாத்திரை, சூதாட்டம் ஆகியவற்றை இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு யாரும் கையாள வேண்டாம். நெடுநாள் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். முதல் பேச்சுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.